ரங்கூனுக்குப் போன படம்

ரங்கூன் கப்பல் வருகிற நாளில் வெரோனிகாவிடம் மீன் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையோடு போக வேண்டும். கை பாட்டுக்கு வேலை செய்யும். சங்கராவைச் செதில் சீவி, வயிற்றைக் கீறி, தலையைத் தனியாக எடுத்து வைத்துவிடும். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் வராது. காது முழுக்கத் தெருமுனையில் இருக்கும். துறைமுகத்தில் காலையில் இறங்கியவன் டிராம் பிடித்து, லஸ்ஸில் இறங்கி, சாந்தோம் குப்பத்துக்கு நடந்து வருவதற்குள் பிற்பகல் ஆகிவிடும். அதுவரைக்கும் அவள் யாருக்கும் சொந்தமில்லை.

அவளுக்கு இப்போது பதினெட்டு வயது. மூன்று வயதில் பெரியம்மை வந்து இரண்டு கண்ணும் போயிற்று. அப்பன் மிக்கேல் ரங்கூன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவன் அங்கே வேறு குடும்பம் வைத்திருப்பான் என்று குப்பத்தில் சொல்லாதவர் இல்லை. தாய் லூயிசாவே ஒரு நாள் சொல்லிவிட்டாள். வெரோனிகா மட்டும் காத்திருக்கிறாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒரு பிசகும் இல்லை. அவள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. எட்டு வருஷமாக நானும் யோசித்துப் பார்க்கிறேன், அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும் வாயை வைத்துப் பிழைத்தவன் நான்.

என் பெயர் பவுல்சாமி. கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. அப்போது படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டு, நடக்கிற கதையை உரக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒருவன் நான். ராஜாவும் நானே, ராணியும் நானே, ராட்சசனும் நானே. குதிரை ஓடினால் நாக்கால் தட்டுவேன். பிறகு பேசும் படம் வந்தது, என் வேலை போயிற்று. இப்போது மாதா கோயிலில் மணி அடிக்கிறேன், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அதைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை.

மிக்கேல் கெட்டவன் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாலு ஆள் உயர அலையைக் கட்டுமரத்தில் தாண்டுகிறவன், மகள் தடுக்கி விழுந்தால் மட்டும் வெலவெலத்துப் போவான். கண் போன புதிதில் குழந்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழும். கட்டையில் முட்டிக்கொள்ளும், வலைக் கயிற்றில் சிக்கிக்கொள்ளும். இவன் ஓடிப் போய்த் தூக்க மாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே நிற்பான். லூயிசாதான் மீன்கூடையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். கடைசியில் ரங்கூனில் துறைமுக வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டான். புறப்படுகிற அன்று மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே லூயிசாவிடம் சொல்லியிருக்கிறான்.

“அது முட்டிக்கினு வுழுறத பாத்துக்கினு என்னால இங்க இருக்க முடியல லூயிசா.”

பிள்ளை பாயில் தூங்குகிறது என்று நினைத்துச் சொன்னான். ஏழு வயதுப் பிள்ளை, தூங்கவில்லை.

அன்றிலிருந்து வெரோனிகா விழாமல் நடக்கக் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டு வாசலிலிருந்து கிணற்றுக்கு நாற்பத்தொரு அடி. நடுவில் கருவாடு காயும் இடம் வரும்போது வாடை ஏறும், அங்கே இடது பக்கம் ஒதுங்க வேண்டும். தென்னை மரத்தடியில் மண் குளிரும். கோயிலுக்குப் போகக் கடல் சத்தம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இப்படிக் குப்பம் முழுவதையும் பாதத்திலும் காதிலும் மூக்கிலும் ஏற்றி வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் தண்ணீர் இறைத்தாள், நெத்திலியையும் காரப்பொடி மீனையும் தொட்டுப் பார்த்துப் பிரித்தாள். கண் உள்ள பிள்ளைகள் விழுந்து எழுந்த இடத்தில் இவள் விழவில்லை.

இதையெல்லாம் மிக்கேலுக்கு எழுதாமல் இல்லை. குப்பத்தில் கடிதம் எழுதுகிறவனும் நான்தான். “உன் மகள் ராணி மாதிரி நடக்கிறாள், குடத்தைச் சிந்தாமல் தூக்கி வருகிறாள்” என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அவன் யாரையோ விட்டு எழுதிய பதில் மூன்றே வரி. “பவுல்சாமி கை வைத்த கடிதம் என்று தெரிகிறது. என் மனம் ஆறட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையைத் தனியே விட வேண்டாம்.” உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் நம்பியிருப்பானோ என்னவோ. எனக்கு அப்படி எழுதத் தெரியாது.

வெரோனிகாவுக்குப் பயாஸ்கோப்பு என்றால் உயிர். கொட்டகைக்குள் வர மாட்டாள். வெளியே கொட்டகையின் கித்தான் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மாலை ஆட்டத்தை முழுக்கக் கேட்பாள். ஒரு நாள் என்னிடம், “மாமா, இன்னிக்கி ராணிக்கு சளி புடிச்சிக்கீது போல” என்றாள். சளி எனக்குப் பிடித்திருந்தது. அப்போதுதான் புரிந்தது, அந்தக் குரல்கள் எல்லாம் படத்துக்குள் இருக்கிறவர்களின் குரல் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆளைப் பிடிக்கிற பெட்டி குரலையும் சேர்த்துப் பிடிக்கிறது என்பது அவள் எண்ணம். நான் திருத்தினேனா? இல்லை. என் திறமைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். தலைக்கனம் பிடித்த காலம்.

அந்தச் சமயத்தில் கார்வெல் துரை வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு, தை மாதம். ஒல்லியான மனிதர், வெயிலில் மூக்கு உரிந்திருக்கும். பார்வை இல்லாத குழந்தைகளுக்கு எங்கோ ஓர் இல்லம் கட்டப் போகிறாராம். அதற்காக, ஒரு குருட்டுக் குழந்தையின் ஒரு நாளைச் சின்னப் படமாக எடுத்து ஊர் ஊராகக் கோயில் கூடங்களில் காட்டுவாராம். பங்குச் சாமியார் அவரை என்னிடம் அனுப்பினார், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று. என் இங்கிலீஷ் படத்தில் வரும் எழுத்தைப் பார்த்துப் பொறுக்கியது. “துரோகி, அவளை விடு” என்பது சரளமாக வரும். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கத் திணறுவேன்.

துரையின் எண்ணத்தை லூயிசா வீட்டில் போய்ச் சொன்னேன். சென்னையில் காட்டுவார், கொழும்பில் காட்டுவார், ரங்கூனில் காட்டுவார் என்றதும், நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த வெரோனிகா எழுந்து நின்றுவிட்டாள்.

“ரங்கூன்லயா? நைனா பாக்குமா?”

“தமிழ் ஆளுங்கள எல்லாம் கூப்டுவாங்க. பாக்காம இன்னா?”

“கெணத்தாண்ட போறத புடிப்பாங்களா மாமா? தண்ணி எடுக்கறத?”

“எல்லாத்தையும் புடிப்பாங்க.”

கடிதத்தை நம்பாதவன் கண்ணால் பார்த்தால் நம்புவான் அல்லவா? ஒன்பது வயதுப் பிள்ளை அந்த நிமிஷமே அதைப் பிடித்துக்கொண்டது. அன்று முழுக்க வாசலுக்கும் கிணற்றுக்கும் நடந்து நடந்து பழகியது. அம்மா தலை பின்னும்போது இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னச் சொன்னதாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் துரை மூன்று கால் வைத்த பெட்டியை மணலில் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினார். கிர்ரென்று ஒரு சத்தம் வரும். வெரோனிகா அந்தச் சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, பேசிக்கொண்டே நடந்தாள்.

“நைனா, பாரு, நானே போறேன். கைல குச்சி கூட இல்ல. இங்க கருவாடு காயுது, ஒதுங்கிக்கினேன் பாத்தியா? இப்ப கெணறு வரும். நீ ஒண்ணும் பயப்புடாத. நான் இப்பல்லாம் வுழுறதே இல்ல.”

பெட்டி குரலைப் பிடிக்காது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் முகம் இருந்த இருப்பில் சொல்ல மனம் வரவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அவள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குடத்தை இடுப்பில் வைத்துச் சிந்தாமல் திரும்பி வந்தாள். துரை கைப்பிடியை நிறுத்திவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இந்தப் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வராது, கண் தெரியாதவள் மாதிரியே இல்லை என்றார். அவரும் கெட்டவர் இல்லை. இல்லம் கட்ட வேண்டும், அதற்குப் பார்க்கிறவர்கள் அழ வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. பாதையில் எதையாவது வை, ஒரு தடவை விழட்டும் என்றார். நான் தயங்கினேன். ரொம்ப நேரம் தயங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பொய் சொல்ல மாட்டேன். சாந்தோமில் படம் காட்டும்போது திரைக்குப் பக்கத்தில் நீதான் நிற்கப் போகிறாய், பெரிய மனிதர்கள் எல்லாம் வருவார்கள் என்றார். போய் ஒரு மீன்கூடையை எடுத்து வந்து தென்னை மரத்தடியில் வைத்தேன்.

அவளை இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன். அவள் பேசிக்கொண்டே வந்தாள். வந்த வேகத்தில் கூடை தடுக்கி முகம் குப்புற விழுந்தாள். மோவாய் கிழிந்து ரத்தம் வந்தது. பெட்டி சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை. மணலைத் துப்பிவிட்டு, எழுந்து உட்கார்ந்து, முதல் காரியமாகப் பெட்டி இருக்கும் பக்கம் திரும்பினாள்.

“நைனா, இத்த பாக்காத. வழில யாரோ கூடைய வெச்சிட்டாங்க. இது எப்பவும் இங்க கெடையாது. நான் வுழுறதில்ல நைனா, நெஜமா.”

அப்புறம் என்னைக் கேட்டாள். “யாரு மாமா வெச்சது?”

“தெர்லம்மா. யாரோ வெச்சிட்டாங்க” என்றேன்.

பாவாடையைத் தட்டிக்கொண்டு, இன்னொரு தடவை நடக்கிறேன், துரையைப் பிடிக்கச் சொல்லு என்றாள். மோவாயில் துணியை ஒற்றிக்கொண்டு மறுபடி நடந்தாள். மீன் பிரித்தாள், கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். துரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்.

படத்தைக் கழுவிச் சேர்த்து எடுத்து வர மூன்று மாதம் ஆயிற்று. ஏசு உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரம், கோயில் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். குப்பமும் வந்தது, கோட்டு போட்டவர்களும் வந்தார்கள். வெரோனிகா தாயோடு முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையைச் சற்றுச் சாய்த்து, தன் குரல் வருவதற்காகக் காத்திருந்தாள். நான் துணிக்குப் பக்கத்தில் நின்றேன். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. விளக்கை அணைத்தார்கள்.

துரை அந்த விழுதலை எடுத்துப் படத்தின் முதலிலேயே வைத்திருந்தார். நடந்து வருகிறாள், விழுகிறாள், கையால் மணலைத் துழாவுகிறாள். பிறகு எழுத்து: இருளில் தவிக்கும் ஒரு பிஞ்சு. அதற்கப்புறம்தான் கிணறு, மீன், கோயில் எல்லாம். குப்பமே “ஐயோ பாவம்” என்றது. வெரோனிகா லூயிசாவின் தோளைத் தொட்டு, “இன்னாம்மா வருது? ஏன் எல்லாரும் பாவம்ன்றாங்க? நான் எப்ப பேசுவேன்?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

துணியில் அவள் உதடு அசைகிறது. சத்தமே இல்லை. எழுத்தை வாசிக்க வேண்டியவன் நான். அந்த எழுத்தை நான் வாசிக்கவில்லை. அவள் அன்று சொன்னது ஒவ்வொன்றும் என் நினைவில் இருந்தது. அதையே சொன்னேன். “நைனா, இத்த பாக்காத. வழில கூடைய வெச்சிட்டாங்க.” அதோடு நிறுத்தாமல், “கூடையை வைத்தவன் நான்தான். இந்தப் பவுல்சாமிதான். இந்தப் பிள்ளை விழுகிற பிள்ளை இல்லை” என்றும் சொன்னேன். தமிழ் தெரியாத துரை, நான் நன்றாகக் கதை சொல்கிறேன் என்று தலையாட்டினார்.

ஆட்டம் முடிந்து லூயிசா என் முகத்தில் விழிக்காமல் போய்விட்டாள். நியாயம்தான். வெரோனிகா மட்டும் துணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கூடையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அது என் கொரல் இல்லியே மாமா. நீதான பேசுன?”

“ஆமாம்மா.”

“அப்ப கொட்டாயில ராஜா பேசுறது?”

“அதுவும் நான்தான்.”

“ராணி?”

“நான்தான். பொட்டி உருவத்த மட்டும்தாம்மா புடிக்கும். கொரல் அதுக்கு வராது.”

மோவாயில் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். “ரங்கூனுக்கு நீ போறியா மாமா?”

“இல்லம்மா.”

“அப்ப அங்க யாரு சொல்லுவாங்க?”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மறுநாள் துரையைத் தேடிப் போய், அந்த விழுகிற துண்டை வெட்டிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அதுதான் படத்தின் உயிர் என்றார். சரி, இதையாவது ரங்கூனில் யாரையாவது விட்டு வாசிக்கச் சொல்லுங்கள் என்று, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அத்தோடு அவரை நான் பார்க்கவில்லை.

ஒன்றரை வருஷம் போயிற்று. லூயிசாவுக்கு என் மேல் கோபம் தணிய ஒரு வருஷம் பிடித்தது. வெரோனிகாவுக்குக் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மிக்கேலிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அவள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றே. “இந்நேரம் படம் ரங்கூன் போயிருக்குமா மாமா?” போயிருக்கும் என்பேன். போயிருந்தால் நைனா பார்த்திருக்கும், பார்த்திருந்தால் வந்திருக்குமே என்று அவளே சொல்லிக்கொள்வாள். சரி, இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று அவளே முடித்தும் விடுவாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு பகலில் ஷரீஃப் பாய் வந்தார். மீர்சாகிப்பேட்டைக்காரர், கப்பலில் சமையல் வேலை. ரங்கூனில் ஆறு மாதம் தங்கியபோது மிக்கேலும் அவரும் ஒரே வரிசை வீட்டில் இருந்திருக்கிறார்கள். மிக்கேல் கொடுத்தனுப்பினான் என்று லூயிசாவுக்கு ஒரு பர்மாத் துணி கொண்டு வந்திருந்தார். நான் லூயிசாவிடம் மீன் வாங்க வந்து நின்றிருந்தேன். வெரோனிகா தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை, ஆனால் கழுத்து நிமிர்ந்தது.

“பாய், அங்க கோயில்ல ஒரு படம் காட்னாங்களா? நான் வர்ற படம்?”

பாய் அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. பொய்யாகவே பேசிப் பழகிய எனக்கு, அன்று எதையும் மாற்றிச் சொல்லும்படி அவரைக் கேட்கத் தைரியம் இல்லை. சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

“காட்னாங்கம்மா. ஒங்க ஊரு கடற்கரை வருதாம், வாடா பாக்கலாம்னு நான்தான் ஒங்க நைனாவ கூட்டிக்கினு போனேன். சலவ சட்டைல்லாம் போட்டுக்கினு வந்தான். மொதல் வரிசைல குந்தினான்.”

“யாராச்சும் நான் பேசுனத படிச்சாங்களா?”

“வெள்ளக்காரரு ஒருத்தரு இங்கிலீஷ்ல ஏதோ சொன்னாரு. தமிழ்ல யாரும் ஒண்ணும் சொல்லல. படம் வந்த ஒடனே என் கைய புடிச்சிக்கினான். ‘பாய், இது என் பொண்ணு, என் பொண்ணு’ன்னான். அப்புறம் நீ...” பாய் நிறுத்திக்கொண்டார். “நீ வுழுந்தியேம்மா. கைய உட்டுட்டு எந்திரிச்சி வெளிய போயிட்டான். நானும் பின்னாடியே போனேன். செவுத்தாண்ட ஒக்காந்துகினு மூஞ்சிய மூடிக்கினான். உள்ள வாடான்னா வரல.”

லூயிசா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் அவர்கள் கூடைப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனிதன் எதைப் பார்க்கச் சகிக்காமல் கடல் தாண்டிப் போனானோ, அதையே நான் கடல் தாண்டி அவனிடம் அனுப்பி வைத்திருக்கிறேன். இனி அவன் எந்த ஜன்மத்தில் வருவான்?

வெரோனிகா கேட்டாள். “கெணத்தாண்ட தண்ணி எடுக்கறது வந்துச்சா பாய்?”

“அப்பால இன்னா வந்துச்சின்னு எனக்கும் தெரியாதும்மா. நாங்க வெளியவே இருந்துட்டம்.”

“நைனா திரும்பி உள்ள போவவே இல்லியா?”

“இல்லம்மா.”

கையிலிருந்த மீனை அறுத்து முடித்துத் தட்டில் போட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கையை அலசிக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்தது துக்கமில்லை. அது நிம்மதி.

“அப்ப நைனா என்னிய இன்னும் பாக்கவே இல்ல மாமா,” என்றாள். “வந்துதான் பாக்கணும்.”